மகளுக்கு எழுதும் வீடும் முதுமைக்கான சீவிய உருத்தும்

ஓய்வூதியம் என்ற பேச்சை எடுத்தால் பொத்துவிலில் முதியவர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அது கவுண்மேந்து உத்தியோகம் பார்த்த ஆக்களுக்கு, மகன். நமக்கு மகள் இரிக்காள்."

இதை அறியாமையில் சொல்லும் பதிலாக நான் எடுத்துக்கொள்வதில்லை. கிழக்குக் கரையோர முஸ்லிம்களின் முதுமைக்கால ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. அரச எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் விறாந்தையில் இருந்து விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது சில வருடங்களாக என் வழக்கம். அப்படி வருகிறவர்களின் கதைகளைக் கேட்கக் கேட்க ஒரு விடயம் எனக்குத் தெளிவாகியது. நமது முதுமை 60 வயதில் தொடங்குவதில்லை. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நாளில் என்ன எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம் என்பதுதான் பின்னால் வரும் இருபது, முப்பது வருடங்களைத் தீர்மானிக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது. அரசு தரும் நன்மைகளையும் அவற்றைப் பெறும் வழிகளையும் கூடவே சொல்கிறேன்.

மகள் என்னும் ஓய்வூதியம்

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான நமது ஊர்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வந்து குடியிருக்கிறார். வீடு பெண்ணுக்குரியது. குடிவழியும் தாய்வழியே வருகிறது. 1969ஆம் ஆண்டு தொடக்கம் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, நமது தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் விரிவாகப் பதிவு செய்து 2008இல் நூலாக வெளியிட்டார். அவர் எழுதித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. நமது வளவுகளைப் பார்த்தாலே தெரியும். மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தால் உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளுடன் பின்னால் உள்ள சிறிய வீட்டுக்கு மாறுவார்கள். அடுத்த மகளுக்கு முடிந்தால் அதற்கும் பின்னால் ஒரு பத்தி இறக்கி அங்கே போவார்கள். கடைசி மகளின் வீட்டில் ஓர் அறையிலோ குசினிக்குப் பக்கத்துத் தாழ்வாரத்திலோ அந்தப் பயணம் முடியும்.

இந்த ஏற்பாட்டில் பெரிய நன்மைகள் உண்டு. பெண் பிறந்த மண்ணை விட்டுப் போவதில்லை. நோயில் விழுந்த உம்மாவைக் குளிப்பாட்ட மருமகளைக் கெஞ்ச வேண்டியதில்லை, பெற்ற மகளே பக்கத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லம் என்ற ஒன்று நமதூர்களில் தேவைப்படாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பெற்றோர் தம்மிடமுள்ள எல்லாவற்றையும் தமது ஐம்பதுகளிலேயே கொடுத்து முடித்துவிடுகிறார்கள். வயல் காணி, மாடு, வளவு, சேமிப்பு எல்லாம் வீடாகவும் கைக்கூலியாகவும் நகையாகவும் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்வது மகளின் அன்பிலும் மருமகனின் பொறுமையிலும்தான். பெரும்பாலான வீடுகளில் அந்த அன்புக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்பு இருந்தும் நிலைமை மாறிப்போகும் வீடுகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

கட்டுமானம் எங்கே தளர்ந்தது?

முதலாவது, ஆயுள் கூடியிருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் அந்தப் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. ஐம்பத்தைந்தில் வீட்டைக் கொடுத்து அறுபத்தைந்தில் மௌத்தாகிய காலத்துக்கு ஏற்ற வழக்கம் இது. இன்று எண்பது கடந்தும் பலர் ஹயாத்தோடு இருக்கிறார்கள். கடைசி ஐந்தாறு வருடங்கள் படுக்கையிலும் போகலாம்.

இரண்டாவது, மகள் வீட்டில் இல்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன மகள்மாரின் பிள்ளைகளை நமதூரில் மூத்தம்மாமாரே வளர்க்கிறார்கள். தன்னைப் பார்க்க ஆள் தேவைப்படும் வயதில் அந்தக் கிழவி மூன்று பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது, 2004 டிசம்பர் 26 கடற்கோள். உல்லை, அறுகம்பைப் பக்கமும் பொத்துவில் கரையோரமும் வீடுகளோடு பத்திரங்களையும் கடலுக்குக் கொடுத்தன. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சேமிப்புப் புத்தகம் எல்லாம் போயின. பிறகு கிடைத்த வீடுகள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கு வழங்கப்பட்டன. வீடு பெண்ணுடையது என்ற நமது வழக்கம் கடதாசியில் அங்கே அறுந்தது. பெண்ணின் வீடு போய், வந்த வீடு கணவன் பேரில் இருக்கும்போது, அதற்குள் இருக்கும் பெண்ணின் உம்மா யாருடைய விருந்தாளி?

நான்காவது காரணத்தை ஆண்பிள்ளைகளிடமே கேட்கலாம். "வூடு அவளுக்குத்தானே எழுதின, பாக்கிறதும் அவள்தான்" என்று மகன்மார் சொல்வதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். வீட்டைக் கொடுத்ததால் பராமரிப்புப் பொறுப்பும் முழுதாக மகளுக்குக் கைமாறிவிட்டது போன்ற பேச்சு அது. மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை, நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

உறுதி எழுதுமுன்

மகளுக்கு வீடு கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும் முறையைப் பற்றியே சொல்கிறேன்.

நமது நன்கொடை உறுதிகள் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன் 3ஆம் பிரிவின்படி சாதாரண நன்கொடைக்கு, கொடுப்பவர் பின்பற்றும் மத்ஹபின் சட்டம் செல்லும். ஆனால் 'மீளப்பெற முடியாதது' என்று உறுதியில் எழுதப்பட்டிருந்தால் ஒழிய எந்த நன்கொடையும் மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. உறுதியைக் கையில் ஒப்படைப்பதே உடைமையை ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்கப்படும். 4ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. அனுபவ உரிமையை ஒதுக்கி வைத்துக் கொடுக்கும் நன்கொடைக்கு நாட்டின் பொதுச் சட்டம் செல்லும்.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில்தான் நமது முதியவர்களின் பாதுகாப்பு இருக்கிறது. நொத்தாரிசு முன் கையெழுத்து வைக்கும் வாப்பாவுக்கு 'மீளப்பெற முடியாத' என்ற இரண்டு சொற்களின் கனம் தெரிவதில்லை. வழமையாக எழுதுவதுதானே என்று வாசித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சொற்கள் விழுந்துவிட்டால் பின்னர் அதை மாற்றுவது எளிதல்ல. மீளப்பெற முடியாத நன்கொடையைப் பெரும் நன்றிகேட்டின் பேரில் இரத்துச் செய்ய நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பெற்ற பிள்ளையை 'நன்றிகெட்டவள்' என்று நீதிமன்றத்தில் நிறுவ எந்த உம்மா போவாள்?

அதனால்தான் சீவிய உருத்து வைத்து எழுதுங்கள் என்கிறேன். பழைய தமிழ் உறுதிகளில் இந்தச் சொல் தாராளமாக வரும். பொருள் எளிது. வீடு மகளுக்கு உரித்து. ஆனால் கொடுத்தவரின் ஹயாத்து உள்ளவரை அங்கே இருக்கவும் அதை அனுபவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் மௌத்தானதும் அந்த உரிமை தானாகவே மகளின் உரித்தோடு சேர்ந்துவிடும். எவரும் அவரை எழுப்பிவிட முடியாது. மகள் வீட்டை விற்றாலும் ஈடு வைத்தாலும் அந்த உருத்து நிற்கும். வாப்பா தன் பேருக்கு மட்டும் வைக்காமல், தனக்குப் பின் உம்மாவுக்கும் நிற்கும்படி இருவர் பேருக்கும் வைக்க வேண்டும். முதலில் மௌத்தாவது பெரும்பாலும் வாப்பாதான்.

இதற்கு வரும் எதிர்ப்பும் எனக்குத் தெரியும். "சீவிய உருத்து வெச்ச வூடு ஒரு சீதனமா?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். வங்கிக் கடன் எடுக்க இடைஞ்சல் என்பார்கள். ஈடு வைப்பதற்குப் பெற்றோரின் சம்மதமும் கையெழுத்தும் தேவைப்படும் என்பது உண்மை. அந்தக் கையெழுத்துத்தான் பாதுகாப்பே. பெற்றோரின் காலடியில் இருக்கும் நிலத்தை அவர்களுக்குத் தெரியாமல் ஈடு வைக்க வழி இருக்கக்கூடாது. பேச்சுக்காலின்போதே இதைச் சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. ஊரில் நாலு பெரிய மனிதர்கள் தங்கள் மகள்மாரின் உறுதியில் இதைச் செய்து காட்டினால் மற்றவர்களுக்கு வெட்கம் இருக்காது.

அதற்கும் ஒத்துவராவிட்டால் வளவு முழுவதையும் எழுதாமல் ஒரு மூலையையாவது பிரித்துத் தம் பேரில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர்ச் போதும், ஓர் அறையும் மலசலகூடமும் கட்ட.

அரச காணி அனுமதிப்பத்திரம், அதாவது நாம் 'பெர்மிட் காணி' என்று சொல்வது, வேறு கணக்கு. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பிட்டுப் பதிய வேண்டும். அனுமதிப்பத்திரக்காரர் மௌத்தானால், உயிரோடிருக்கும் வாழ்க்கைத்துணைக்கு அந்தக் காணியைத் தம் ஆயுள்வரை அனுபவிக்க அச்சட்டமே இடம் தருகிறது. சீவிய உருத்து என்ற எண்ணம் அரசுக்கும் புதிதில்லை.

எந்தத் தொழிலுக்கு என்ன உண்டு?

*அரச ஊழியர்:* குறைந்தது 10 வருடச் சேவை இருந்தால் ஓய்வூதிய உரித்து உண்டு. ஓய்வு பெறும்போது 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான பணிக்கொடை மொத்தமாகக் கிடைக்கும். அந்த மொத்தம் கைக்கு வரும் வயதும் கடைசி மகளின் வீடு பூச்சுப் பூசக் காத்திருக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. போகட்டும், மாதாந்த ஓய்வூதியம் மிஞ்சுகிறது. ஊரில் கொஞ்சமாவது தலைநிமிர்ந்து நிற்கும் முதியவர்கள் இந்தப் பிரிவினரே. மாதாமாதம் கையில் காசுள்ள கிழவனுக்கு வீட்டில் உள்ள மரியாதை தனி.

*தனியார்துறை ஊழியர்:* 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். அறுகம்பையில் பருவகாலத்தில் ஹோட்டல்களில் வேலை செய்யும் நமது பொடியன்மாருக்கு இது தெரிவதில்லை. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும், தற்காலிக வேலையானாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும். 15 பேருக்கு மேற்பட்டோ அதற்குச் சமமாகவோ ஊழியர் உள்ள இடத்தில் 5 வருடம் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. இது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் அதற்கு முன்னரே எடுக்கலாம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போன நமது பெண்பிள்ளைகள் பலருடைய முதுமைக் காசு இப்படித்தான் கலியாணச் செலவில் கரைகிறது. 10 வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் மீதியும் உள்ளவர்கள் வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ 30 சதவீதம் வரை முற்கூட்டியே பெற 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. அதுவும் நமது ஊரில் மகளின் வீடாகிறது. எடுக்கக்கூடாது என்பதல்ல. அது தமது 70 வயதுக்குச் சாப்பாட்டுக் காசு என்பதை நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

*கமக்காரரும் கடற்றொழிலாளரும்:* பொத்துவிலின் பெரும்பான்மை இவர்கள். கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும், மீனவர் ஓய்வூதியத் திட்டம் 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலும் வந்தன. கமக்காரர் திட்டத்தில் ஒரு கட்டத்தில் நிதி வற்றி, 2012 அளவில் கொடுப்பனவுகள் நின்று, 2014இல்தான் மீண்டும் தொடங்கின. அந்த இடைவெளியில் பலருக்கு நம்பிக்கை போய்விட்டது. "கட்டின காசும் போச்சு" என்று புத்தகத்தை எறிந்தவர்களும் உண்டு. அப்படி எறியாமல் வைத்திருப்பவர்கள் கமநல சேவை நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டி விசாரிக்க வேண்டும். பங்களிப்புச் செலுத்தியவரின் உரித்து சட்டத்தில் இருக்கிறது.

*சுயதொழில் செய்வோரும் வெளிநாட்டுக்குப் போனோரும்:* வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துத் திரும்பியவருக்கு இங்கே சேமலாப நிதி இல்லை, பணிக்கொடை இல்லை. அவர் கட்டிய வீடும் மகள் பேரில் இருக்கும். 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை, இப்படிப்பட்டவர்களுக்காகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டங்களை நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் விபரம் கேட்கலாம். வட்டி சம்பந்தமான சந்தேகம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். சந்தேகத்தைக் காரணம் சொல்லி வேறு எந்தச் சேமிப்பும் இல்லாமல் இருந்துவிடக்கூடாது.

*எதுவும் இல்லாதோர்:* 70 வயதைக் கடந்த வருமானம் குறைந்தோருக்கு அரசு மாதாந்தக் கொடுப்பனவு தருகிறது. 2012இல் 1,000 ரூபாயாக இருந்தது, பின் 2,000 ஆகி, 2024இல் 3,000 ரூபாயாகவும் 2025இல் 5,000 ரூபாயாகவும் கூட்டப்பட்டது. இன்று இது அஸ்வெசும திட்டத்தோடு இணைந்திருக்கிறது.

இங்கே நமது ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அஸ்வெசும குடும்பத்தை அளக்கிறது. வீடு, சொத்து, வருமானம் என 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறார்கள். உம்மா இருப்பதோ மகளின் கொங்கிறீற் வீட்டில். மாபிள் பதித்த தரையைப் பார்த்துவிட்டு எழுதுகிறவருக்கு, மூலை அறையில் இருக்கும் கிழவியின் கையில் பத்து ரூபாயும் இல்லை என்பது தெரியாது. ஆகவே தகவல் எடுக்க வரும்போது முதியவரின் சொந்த நிலையைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். விடுபட்டால் குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். அடுத்தது, அஸ்வெசும பெறும் குடும்பத்து முதியவரின் காசு குடும்பத்தின் கணக்கிலேயே விழுகிறது. அது உம்மாவின் காசு. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, அவர் விரும்பினால் பேரனுக்கு மிட்டாய் வாங்கவோ ஸதக்கா கொடுக்கவோ விட வேண்டும்.

பதியாத நிக்காஹ்

அரச ஊழியர் மௌத்தானால் அவரது மனைவிக்கு விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. இந்த உரித்தை நிறுவத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். நமது பழைய தலைமுறையில் நிக்காஹ் நடந்தும் பதியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதியவில்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமல் போகாது. ஆனால் செல்லுபடியாவது ஒன்று, அலுவலக மேசையில் நிறுவுவது இன்னொன்று. கணவர் உயிரோடு இருக்கும்போதே பதிவை ஒழுங்கு செய்துகொண்டால், பின்னால் விதவை சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. நிக்காஹ் நடத்திய லெப்பையும் சாட்சிகளும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இத்தாக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு மாதமும் பத்து நாளும் முடியட்டும் என்று கடதாசி வேலைகளைத் தள்ளிப்போடுவது நமது வழக்கம். அந்த இடைவெளியில் வீட்டில் காசு வராது. படிவங்களை எடுத்து வந்து வீட்டிலேயே கையெழுத்து வாங்கவும், மரணச் சான்றிதழ் எடுக்கவும், பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கவும் மகனோ சகோதரனோ போதும். ஜனாஸா அடக்கிய வாரத்திலேயே இதற்கு ஒருவரைப் பொறுப்பாக நியமித்துவிடுங்கள்.

ஓய்வூதியம் பெறுவோர் வருடத் தொடக்கத்தில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவர் வீட்டில் இருப்பதைக் கிராம உத்தியோகத்தருக்கு முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். சான்றிதழ் போகாமல் ஓய்வூதியம் நின்றால் மருந்து நிற்கும், சில வீடுகளில் சோறும் நிற்கும்.

நோயும் பணிவிடையும்

இலங்கையில் அரச வைத்தியம் இலவசம். ஆனால் போய்வரும் வழி இலவசமில்லை. பொத்துவில் ஆதார வைத்தியசாலையில் முடியாததற்கு அக்கரைப்பற்றுக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு அதைவிடத் தூரம். சீனி, பிரசர், இருதய வருத்தம் என்று ஒருவருக்கே இரண்டு மூன்று கிளினிக். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஓர் ஆட்டோ, கூடப்போக ஓர் ஆள். ஆள் இல்லாததால் கிளினிக்கை விட்டு, மருந்தை நிறுத்தி, பிறகு பாரிசவாதத்தில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். படுக்கையில் கழியும் ஐந்து வருடத்தைத் தடுப்பது மாதத்தில் ஒரு நாள் கூடப்போகும் பேரன்தான்.

செய்யக்கூடியவை சில. 35 வயது கடந்தவர்களுக்காக 2011 தொடக்கம் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கே நோய் வருமுன்னே சீனியையும் பிரசரையும் பார்க்கலாம். திடீர் வருத்தத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். றமழானுக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் மருந்து வேளைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீனிக்கு ஊசி போடும் முதியவர் தானாக முடிவெடுத்து நோன்பு நோற்பது ஆபத்து. இயலாத முதியவருக்கு மார்க்கம் பித்யாவுக்கு இடம் வைத்திருக்கிறது. வீட்டில் சீமெந்துப் பணமிருந்தால் முதலில் மலசலகூடத்தில் ஒரு கைபிடிக் கம்பியும் இருக்கைக் கொமட்டும் வையுங்கள். முதியோரின் இடுப்பு எலும்பு பலதடவை உடைவது அங்கேதான்.

பணிவிடை செய்யும் மகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இரவு மூன்று தடவை எழும்பி வாப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, காலையில் பிள்ளைகளுக்குச் சமைத்து அனுப்புகிறவள் அவள். 'உனக்குச் சுவர்க்கம்' என்று சொல்லிவிட்டுப் போகிற நானா ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஓரிரவு தங்கிப் பார்க்கட்டும். ராத்தா ஒருத்தி தூங்க, தம்பி ஒருவன் விழித்திருக்கும் முறையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தேவையில்லை.

சட்டமும் ஜமாஅத்தும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதைக் கடந்தவர்களை முதியோர் என்கிறது. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, அவர்களைப் பராமரிப்பதும் தேவைகளைக் கவனிப்பதும் பிள்ளைகளின் கடமை என்கிறது. 'பிள்ளைகள்' என்றுதான் சட்டம் சொல்கிறது, 'வீடு வாங்கிய பிள்ளை' என்று சொல்லவில்லை. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர், அச்சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிடம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரலாம். ஷாபிஈ மத்ஹபிலும் வசதியுள்ள பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், வறிய பெற்றோருக்குச் செலவு செய்வது கடமை.

நமது உம்மாமார் சபைக்குப் போய்ப் பிள்ளையின் பேரில் முறைப்பாடு எழுத மாட்டார்கள். பசித்தாலும் "மகன் அனுப்புறான்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே சட்டத்துக்கு முன்னால் பள்ளிவாசல் நிற்க வேண்டும். மஹல்லாவில் உள்ள 60 வயது கடந்தவர்களின் பட்டியல் ஒன்றை மரைக்காயர்மார் வைத்திருக்கலாம். யார் தனியே இருக்கிறார், யாருக்கு எந்தக் கிளினிக், யாருடைய மகன் மாதம் அனுப்பவில்லை என்பது அதில் இருக்கட்டும். மகனைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசுவது நம்பிக்கையாளர் சபைக்கு முடியும், உம்மாவுக்கு முடியாது. கிளினிக் நாளில் ஒரு வேன் ஓடலாம். ஸகாத் பட்டியலில், மகளின் மாபிள் வீட்டுக்குள் இருக்கும் ஏழை முதியவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாசகர்கள் தங்கள் வீட்டில் இன்றே பார்க்கக்கூடியவற்றைச் சுருக்கித் தருகிறேன்:

1. வீட்டு உறுதியை எடுத்து வாசியுங்கள். 'மீளப்பெற முடியாத' என்று இருக்கிறதா, சீவிய உருத்து இருக்கிறதா? எழுதப் போகிறவர்கள் இருவர் பேருக்கும் சீவிய உருத்து வையுங்கள்.

2. நிக்காஹ் பதிவும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒரே பெயரில், ஒரே எழுத்தில் இருக்கின்றனவா? கடலோடு போனவற்றுக்குப் பிரதி எடுங்கள்.

3. முதியோர் அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

4. சேமலாப நிதி, கமக்காரர், மீனவர் ஓய்வூதியப் புத்தகங்களைத் தேடி எடுத்து விசாரியுங்கள்.

5. பிள்ளைகள் எல்லோரும் ஒரு நாள் கூடி, யார் மாதம் எவ்வளவு, யார் எந்த நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உம்மாவும் வாப்பாவும் அதைக் கேட்க வேண்டியதில்லை.

ஐந்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருப்பவர்களுக்கு நான் சொல்வது முதலாவதை. மற்றவை பிந்தினாலும் திருத்தலாம். கையெழுத்து வைத்த உறுதியைத் திருத்துவது கஷ்டம். இந்த வருடமும் நமதூரில் எத்தனையோ கலியாணங்கள் பேசப்படும், எத்தனையோ வாப்பாமார் நொத்தாரிசின் மேசைக்கு முன் இருப்பார்கள். "எங்கட ரெண்டு பேர்ட ஹயாத்து மட்டும் சீவிய உருத்து வெச்சு எழுதுங்க" என்று அந்த மேசையில் அவர்கள் சொல்லட்டும். பக்கத்தில் நிற்கும் மகளே அதை முதலில் சொன்னால் இன்னும் நல்லது.